பாய்லர் முள் சிவப்பைத் தொட்டால்: கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் புலம்பல்

இங்கிலாந்துக்குப் படிக்கக் கிளம்பும்போது ஆளாளுக்கு அறிவுரை சொல்வார்கள். குக்கர் எடுத்துக்கொள், புளி எடுத்துக்கொள், ஸ்வெட்டர் மட்டும் அங்கே போய் வாங்கிக்கொள் என்று பெரிய பட்டியலே இருக்கும். வாடகை வீட்டுச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கும், அதன் அடியில் ஒரு சின்ன முள் இருக்கும், குளிர்காலம் முழுக்க உன் நிம்மதி அந்த முள்ளின் கையில்தான் இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

ஆகவே மக்களே, இன்றைக்குப் பாய்லர். மொக்கை என்று ஓடிவிடாதீர்கள். ஜனவரி மாதத்தில் இரண்டு நாள் ஹீட்டிங் இல்லாமல் இருந்து பார்த்தவர்கள் ஓடமாட்டார்கள், அது எனக்குத் தெரியும் :-)

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரஷர் ஏறினால் இறக்கு, இறங்கினால் ஏற்று என்று ஒரு பழக்கம் இங்கே வாடகை வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. பல வீடுகளில் பாய்லரைக் கெடுப்பதே அந்தப் பழக்கம்தான். முள் எந்த எண்ணில் நிற்கிறது என்பதைவிட எப்போது நகர்கிறது என்பதுதான் முக்கியம். அதைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அந்த வீட்டில் குடியிருப்பவர். ஏஜெண்ட்டால் முடியாது, வந்து போகிற மெக்கானிக்காலும் முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது

நம்ம ஊர் டீக்கடை பாய்லரை நினைத்துக்கொண்டால் இது புரியாது. டீக்கடை பாய்லரில் தண்ணீர் சூடாகி விரிந்தாலும் ஆவியானாலும் வெளியே போக வழி இருக்கிறது. இங்கே உள்ள புது மாடல் வீடுகளில் ஹீட்டிங் என்பது மூடிய வட்டம். பாய்லர், குழாய்கள், அறைக்கு ஒரு ரேடியேட்டர், எல்லாவற்றிலும் அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குளிக்கிற வெந்நீர் வேறு, இது வேறு. (பரணில் திறந்த தொட்டி வைத்த பழைய முறையும் பல வீடுகளில் இருக்கிறது. அங்கே முள்ளும் கிடையாது, இந்தக் கதையும் கிடையாது.)

மூடிய வட்டத்தில் தண்ணீரைச் சூடாக்கினால் என்ன ஆகும்? விரியும். 15 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குப் போகும்போது தண்ணீர் சுமார் 2.2 சதவீதம் விரிகிறது. வீட்டு ஹீட்டிங்கில் மொத்தம் 100 லிட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 2 லிட்டருக்கு மேல் கூடுதலாக வந்து நிற்கிறது. தண்ணீரை அமுக்கிச் சின்னதாக்க முடியாது. அந்த 2 லிட்டருக்கு எங்காவது இடம் கொடுத்தே ஆகவேண்டும்.

அந்த இடத்துக்குப் பெயர் எக்ஸ்பான்ஷன் வெஸல். ஒரு இரும்புக் குப்பி, நடுவில் ஒரு ரப்பர் தடுப்பு. ஒரு பக்கம் ஹீட்டிங் தண்ணீர், மறுபக்கம் காற்று அல்லது நைட்ரஜன். தண்ணீர் விரியும்போது ரப்பரைத் தள்ளிக்கொண்டு குப்பிக்குள் வரும், காற்று அமுங்கிக்கொடுக்கும். ஆறினதும் காற்று அதைத் திருப்பித் தள்ளிவிடும். காம்பி பாய்லர்களில் இந்தக் குப்பி பெட்டிக்குள்ளேயே ஒளிந்திருக்கும். கார் டயரில் காற்றடிக்கிற மாதிரியே ஒரு வால்வும் அதில் உண்டு.

இப்போது முள்ளுக்கு வருவோம். பிரஷரை பார் என்ற அளவில் சொல்வார்கள் (நீங்கள் நினைக்கிற பார் இல்லை). 1 பார் என்றால் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம். வீடு குளிர்ந்திருக்கும்போது முள் 1-க்கும் 1.5-க்கும் நடுவில் இருக்கவேண்டும். ஹீட்டிங் ஓடும்போது கொஞ்சம் ஏறி 2 பக்கம் போவது சகஜம். 3 பாரில் பிரஷர் ரிலீஃப் வால்வ் திறந்து, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாய் வழியாகத் தண்ணீரைக் கொட்டிவிடும். குக்கரில் வெயிட் விசில் அடிக்கிற அதே வேலைதான். என்ன, குக்கர் தினமும் விசில் அடிக்கவேண்டும், இது ஒருநாளும் அடிக்கக்கூடாது.

ஒரு சின்னக் கணக்கு

பத்தாவதில் பாயில் விதி படித்தோமே, பரீட்சை முடிந்ததும் மறந்துபோனது, அது இங்கேதான் உதவுகிறது.

காம்பி பாய்லரில் 8 லிட்டர் குப்பி என்று வைத்துக்கொள்வோம். காற்றுப் பக்கம் 1 பார் அடித்திருக்கிறது. வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்தால் மொத்தம் 2. ஹீட்டிங் போட்டதும் 2.2 லிட்டர் தண்ணீர் உள்ளே வருகிறது, காற்றுக்கு மிச்சம் 5.8 லிட்டர். 2 பெருக்கல் 8 வகுத்தல் 5.8, ஏறத்தாழ 2.76. வெளிக்காற்றைக் கழித்தால் முள்ளில் 1.75 காட்டும். ஆரோக்கியமான வீடு.

அதே குப்பியில் வருஷக்கணக்காகக் காற்று கசிந்து கசிந்து டயர் பஞ்சரான மாதிரி ஆகிவிட்டது என்று வையுங்கள். உள்ளே வெறும் வெளிக்காற்று அழுத்தம்தான். ஹீட்டிங் தண்ணீரை 1 பாருக்கு ஏற்றியவுடனேயே அந்தக் காற்று பாதியாகச் சுருங்கி 4 லிட்டர் ஆகிவிடும். இப்போது 2.2 லிட்டர் வந்தால் காற்றுக்கு மிச்சம் 1.8 லிட்டர். 2 பெருக்கல் 4 வகுத்தல் 1.8, ஏறத்தாழ 4.44. முள்ளில் 3.4. அதற்கு முன்பே, 3-லேயே, ரிலீஃப் வால்வ் திறந்துவிடும். (காற்றும் கொஞ்சம் சூடாகும் என்பதை விட்டுவிட்டேன். தோராயக் கணக்குக்கு இது போதும்.)

கவனித்தீர்களா? இரண்டு வீட்டிலும் காலையில் முள் அதே 1-ல்தான் நின்றது. காலையில் மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

முள் எப்போது நகர்கிறது?

பிரஷர் கூடுதலாக இருந்தால் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று:

1. குளிர்ந்திருக்கும்போதே முள் உயரத்தில், அங்கேயே நிற்கிறது. யாரோ தேவைக்கு மேல் தண்ணீர் நிரப்பியிருக்கிறார்கள். அவ்வளவுதான். ஹீட்டிங்கை அணைத்து, ஆறவிட்டு, ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு, ரேடியேட்டர் ஓரத்தில் இருக்கும் திருகைச் சாவியால் லேசாகத் திருப்பிக் கொஞ்சம் தண்ணீர் விட்டால் இறங்கிவிடும். மறுபடி ஏறாவிட்டால் கதை முடிந்தது.

2. குளிரில் 1, சூட்டில் 3, மறுபடி ஆறினால் 1 அல்லது அதற்கும் கீழே. குப்பியில் காற்று இல்லை, அல்லது ரப்பர் கிழிந்துவிட்டது. சில சமயம் குப்பிக்குப் போகும் குழாய் கசடால் அடைத்துக்கொண்டிருக்கும். ரேடியேட்டரில் தண்ணீர் விடுவதால் இது ஒருநாளும் சரியாகாது.

3. ஹீட்டிங்கே போடவில்லை, ஆனாலும் முள் மெதுவாக ஏறுகிறது. எங்கிருந்தோ புதுத் தண்ணீர் உள்ளே வருகிறது. முதல் சந்தேகம் ஃபில்லிங் லூப், அதாவது தெருக்குழாய்த் தண்ணீரையும் ஹீட்டிங்கையும் இணைக்கும் பின்னல் குழாய். அதன் வால்வ் சரியாக மூடாவிட்டால் தண்ணீர் கசிந்து வரும். ராத்திரியில் ஊரே தூங்கும்போது தெருக்குழாய் அழுத்தம் பல இடங்களில் கூடும், அதனால் காலையில் எழுந்து பார்த்தால் முள் ஏறியிருக்கும். நிரப்பியபின் அந்தக் குழாயைக் கழற்றி வைத்துவிடவேண்டும் என்பதுதான் இங்கே விதி. எத்தனை வீட்டில் கழற்றியிருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

4. லூப்பைக் கழற்றியபிறகும் குளிரிலேயே ஏறுகிறது. காம்பி பாய்லரில் குளிக்கிற தண்ணீரைச் சூடாக்கும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ளே ஓட்டை விழுந்திருக்கலாம். தெருக்குழாய்த் தண்ணீர் அந்த வழியாக ஹீட்டிங்குக்குள் நுழைகிறது. மாற்றவேண்டிய பாகம், மெக்கானிக் வேலை.

ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. தண்ணீர் விட்டாலும் நகராத முள். அங்கே கெட்டுப்போனது மீட்டர்.

மேலே உள்ள எதற்கும் பெட்டியைத் திறக்கவேண்டாம். காலையில் ஒருமுறை, ஹீட்டிங் அரை மணி ஓடியபின் ஒருமுறை, ராத்திரி ஆறினபின் ஒருமுறை. மூன்று நாளைக்கு எழுதி வைத்தால் ஒன்பது எண்கள். அந்த ஒன்பது எண்களிலேயே நோய் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இப்போது புலம்பல்

நாங்கள் ஐந்து பேர் இருந்த வீட்டில் நடந்தது. ராத்திரி முள் 3-ஐத் தொடும், பின்சுவர்க் குழாயில் தண்ணீர் சொட்டும், காலையில் முள் அரைக்குக் கீழே போய் பாய்லர் நின்றுவிடும். ஏஜெண்ட்டுக்கு போன் செய்தால் ஒருவரை அனுப்புவார்கள். அவர் பகலில் வருவார், நாங்கள் கல்லூரியில், பாய்லர் குளிர்ந்து கிடக்கும். தண்ணீரை 1.5-க்கு நிரப்பிவிட்டு "இப்போது நன்றாக இருக்கிறது" என்று சீட்டு எழுதிவிட்டுப் போய்விடுவார். அவர் இருந்த இருபது நிமிடமும் அது நன்றாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஒரே குளிர்காலத்தில் நான்கு முறை இப்படி.

ஐந்தாவது முறை வேறொருவர் வந்தார். நாங்கள் எழுதி வைத்திருந்த எண்களைக் கையில் கொடுத்தோம். படித்தார், பெட்டியைத் திறந்தார், குப்பியின் வால்வ் ஊசியை அழுத்தினார். காற்று வரவில்லை, கறுப்புத் தண்ணீர் வந்தது. ரப்பர் போய்விட்டது. அந்த வாரமே குப்பியும் ரிலீஃப் வால்வும் புதிதாக மாறின. அதன்பிறகு முள் 1.2-க்கும் 1.8-க்கும் நடுவில் சமர்த்தாக இருக்கிறது.

முதலில் வந்தவர் சோம்பேறி என்று நான் நினைக்கவில்லை. விட்டுவிட்டு வரும் காய்ச்சலை டாக்டர் காய்ச்சல் இல்லாத நேரத்தில் பார்த்தால் என்ன சொல்வார்? "எப்ப வருது, எவ்வளவு வருது, எழுதி எடுத்துட்டு வாங்க" என்பார். பாய்லருக்கும் அப்படி ஒரு சார்ட் தேவை. அதை எழுதச் சொல்லி எங்களிடம் யாருமே கேட்கவில்லை என்பதுதான் கோபம்.

நான்கு முறை நிரப்பியதால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மூடிய வட்டத்தில் பழைய தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்துபோயிருக்கும், அதனால் துரு அதிகம் பிடிக்காது. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் புது ஆக்ஸிஜன் உள்ளே போகிறது, துருவைத் தடுக்கப் போட்ட மருந்தும் நீர்த்துப்போகிறது. இரும்பு ரேடியேட்டர் உள்ளிருந்து அரித்துக் கறுப்புச் சேறாகிறது. அந்தச் சேறு திறந்துமூடும் ரிலீஃப் வால்வில் போய் உட்கார்ந்தால் அது சரியாக மூடாது, சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டினால் முள் இறங்கும், இறங்கினால் மறுபடி நிரப்புவார்கள். குப்பியில் ஆரம்பித்த சின்னக் கோளாறு மொத்த வீட்டையும் தின்னும் வழி இது.

"சர்டிஃபிகேட் இருக்கே!"

ஏஜெண்ட்டிடம் கேட்டால் வரும் பதில் இதுதான். உண்மைதான். பிரிட்டனில் 1998-ம் வருஷ கேஸ் பாதுகாப்பு விதிகளின்படி வாடகை வீட்டின் கேஸ் சாதனங்களை வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்கவேண்டும். புதிதாகக் குடிவருபவருக்கு வருமுன்பே அந்தச் சீட்டைக் காட்டவேண்டும். நல்ல சட்டம், உயிர் காக்கும் சட்டம்.

ஆனால் அந்தச் சோதனை கேஸ் பாதுகாப்புக்கானது. கசிவு, புகை வெளியேறும் வழி, பாதுகாப்புக் கருவிகள் என்று போகும். எக்ஸ்பான்ஷன் குப்பியில் காற்று எவ்வளவு என்று அளந்து பார்ப்பது சர்வீஸ் வேலை. இரண்டும் ஒன்று என்று ஓனர்கள் நினைக்கிறார்கள், நாமும் நம்பிவிடுகிறோம். இங்கிலாந்தில் ஹீட்டிங்கையும் வெந்நீர் வசதியையும் பழுதுபார்த்து ஒழுங்காக வைத்திருக்கும் பொறுப்பு ஓனருடையது என்று 1985-ம் வருஷ வீட்டு ஓனர்-வாடகைதாரர் சட்டத்தின் 11-ம் பிரிவு சொல்கிறது. பாய்லர் இயங்குகிறது என்பதற்காக அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது. மாசம் ஒருமுறை ஆள் வந்து தண்ணீர் நிரப்பவேண்டிய நிலைமையை ஒழுங்கு என்று சொல்லமுடியுமா?

"இதெல்லாம் மெக்கானிக் வேலை, நமக்கெதுக்கு?"

என் அறைநண்பன் கேட்டது. பாதி நியாயம் உண்டு. கேஸ் பாய்லரின் மூடிய உறைக்குள் கை வைக்க கேஸ் சேஃப் பதிவு உள்ளவர்களுக்கு மட்டும்தான் அனுமதி (2009 ஏப்ரல் வரை இதே வேலையைச் செய்த பதிவேட்டுக்கு கோர்கி என்று பெயர்). யூட்யூப் பார்த்துவிட்டு சைக்கிள் பம்ப்போடு பெட்டியைத் திறக்கிறவர்களை நான் ஆதரிக்கவில்லை. அந்தக் குப்பிக்குக் காற்றடிக்க, முதலில் ஹீட்டிங் தண்ணீரின் அழுத்தத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரவேண்டும். அது தெரியாமல் அடித்தால் அளவே தப்பாகக் காட்டும்.

ஆனால் பார்ப்பது வேறு, பிரிப்பது வேறு. தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க டாக்டர் பட்டம் வேண்டாம். நம் மாணவர் வீடுகளில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. டெபாசிட்டில் கை வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் யாரும் எதையும் கேட்பதில்லை, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறோம். தேதி போட்ட எண்களோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் "நீங்கள்தான் எதையோ திருகியிருப்பீர்கள்" என்று எளிதில் சொல்லமுடியாது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை

இதை எழுதத் தூண்டியதே இதுதான். தெரிந்த ஒருவரின் வீட்டில் சுவர்க் குழாய் சொட்டி நடைபாதையில் ஐஸ் கட்டிவிட்டது. "அதில் ஒரு மூடி போட்டுவிடுங்கள்" என்று ஓனர் தரப்பிலிருந்தே யோசனை வந்திருக்கிறது. நல்லவேளை, அவர் போடவில்லை.

தயவுசெய்து யாரும் போடாதீர்கள். வால்வ் வைத்ததன் காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1679-ல் டெனி பாப்பின் தன் நீராவிச் சமையல் பாத்திரத்தைக் காட்டினார், இன்றைய குக்கருக்குக் கொள்ளுத் தாத்தா அது. அழுத்தம் மீறினால் திறந்துகொள்ளும் வால்வையும் அவர்தான் அதில் சேர்த்தார். அமெரிக்காவில் பிராக்டன் நகரச் செருப்புத் தொழிற்சாலையில் 1905 மார்ச் 20-ம் தேதி பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். 1907-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் பாய்லர்களுக்குச் சட்டம் கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அது பெரிய நீராவிப் பாய்லர், நம் சமையலறைப் பெட்டியோடு அளவில் ஒப்பிடமுடியாது. இதில் சூடு மீறினால் அணைக்கும் கருவிகளும் தனியாக இருக்கின்றன. வெடித்தே தீரும் என்று பயமுறுத்த வரவில்லை. ஆனால் மற்றதெல்லாம் கைவிட்டால் கடைசியாக நம்மைக் காப்பாற்ற இருப்பது அந்த ஒரு ஓட்டைதான். அங்கே சொட்டுகிறது என்றால் உள்ளே என்ன கோளாறு என்று பார்க்கவேண்டும். அதிலிருந்து வருவது கொதிக்கும் தண்ணீராகவும் இருக்கலாம், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

வரும் செப்டம்பரில் புது வீட்டுக்குப் போகிறவர்கள் சாவி வாங்கும்போதே மூன்று கேள்வி கேளுங்கள். முள் எங்கே இருக்கிறது? ஃபில்லிங் லூப் எங்கே, கழற்றியிருக்கிறதா? கடைசியாக சர்வீஸ் செய்தபோது குப்பியின் காற்றைப் பார்த்தார்களா? பதில் வந்தாலும் வராவிட்டாலும் முதல் ராத்திரியே குளிரில் ஒரு எண், சூட்டில் ஒரு எண் எழுதி பாய்லர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வருகிறவருக்கும் அந்தச் சீட்டு உதவும்.

டிஸ்கி: நான் கேஸ் சேஃப் ஆள் இல்லை, மெக்கானிக்கல் படிக்கும் சாதா மாணவன். கேஸ் வாடை வந்தால் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய் அவசர எண்ணுக்கு போன் செய்யவும்.